மே மாதத்திலிருந்து கணக்குப் போடுங்கள்: சென்னையின் வார்டுத் தோட்டங்களுக்காக ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மாண்புமிகு மேயர், ஆணையர், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

குடியிருப்போர் ஒன்றுசேர்ந்து கீரையும் காயும் பயிரிட வார்டுக்கு ஒரு பொதுத் தோட்டம் வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம். நிலத்தை எங்கள் பெயருக்கு எழுதித் தரச் சொல்லவில்லை. மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுமதி, ஒரு தண்ணீர் இணைப்பு, சோதித்துப் பார்த்த மக்கிய உரம், அரைநாள் சம்பளத்தில் ஒரு தோட்டக்காரர். இந்த நான்கும் கிடைத்தால் மற்றதைப் பகுதிவாசிகளே பார்த்துக்கொள்வார்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் தோட்டம் ஓராண்டைத் தாண்டாது. ஏன் என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

சென்னையில் ஜனவரியில் எந்தத் தோட்டமும் அழகாக இருக்கும். மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் இதமாக இருக்கும், தக்காளி கொத்துக்கொத்தாகக் காய்க்கும். திட்டங்களுக்கான படங்கள் எடுக்கப்படுவதும் அப்போதுதான். ஆனால் தோட்டம் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது மே மாதம். அக்னி நட்சத்திரத்தில் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் போனால் பாத்தி முழுவதும் கருகிவிடும். கருகிய தோட்டத்துக்கு ஆட்கள் திரும்பி வருவதில்லை. ஆகவே திட்ட மதிப்பீட்டை மே மாதத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள். தொடக்கச் செலவு எவ்வளவு என்பதற்கு முன்னால், மே மாதத்தில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அதை யார் விடுவார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கோப்பில் விடை இருக்க வேண்டும்.

அளவுகளைச் சொல்கிறோம். விலைப்பட்டியல் உங்கள் பொறியாளர்களிடம் இருக்கிறது.

ஒரு வார்டுத் தோட்டத்துக்கு ஒன்றரை கிரவுண்ட், அதாவது 3,600 சதுர அடி போதும். அதில் 4 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள 20 மேட்டுப்பாத்திகள் 1,600 சதுர அடியில் அடங்கும். பாத்திகளுக்கு நடுவே 2 அடி வழி. மீதியிடத்தில் உரக்கூண்டுகள், தண்ணீர்த் தொட்டி, கருவிகள் வைக்கக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சிறு கொட்டகை, காய் நிறுக்க ஒரு மேசை. பாத்தி 4 அடிக்கு மேல் அகலமாக வேண்டாம். இரு பக்கமும் நின்று நடுவரை கை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஆட்கள் பாத்திக்குள் கால் வைப்பார்கள், மண் இறுகிப்போகும். முதியவர்களுக்காகவும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகவும் இரண்டு பாத்திகளையாவது இரண்டரை அடி உயரத்தில் கட்டி, அவற்றைச் சுற்றி மட்டும் 4 அடி வழி விடுங்கள்.

நிலம் எங்கே என்று கேட்பீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளை மேம்படுத்துவோர் பத்து விழுக்காட்டை உள்ளாட்சிக்குத் தானமாக ஒப்படைக்கும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்கள், நாம் எல்லோரும் ஓ.எஸ்.ஆர். என்று சொல்பவை, நகரெங்கும் இருக்கின்றன. பெரியவை பூங்காவாகின்றன. மூலையில் கோணலாகக் கிடக்கும் சிறியவற்றுக்கு வேலி போட்டுப் பூட்டு தொங்கவிடுவதுதான் வழக்கம். பூங்காவுக்குப் போதாத அந்தத் துண்டுகள் தோட்டத்துக்கு மிகச் சரியான அளவு. நிலத்தின் பொதுத் தன்மை மாறாமலிருக்க, நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது, தோட்டம் பகலில் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

எல்லாத் துண்டும் ஆகாது. தேர்ந்தெடுக்கும்முன் நான்கைந்து சோதனைகள் செய்ய வேண்டும்; ஒரு காலையில் முடிந்துவிடும். குறைந்தது 6 மணி நேரம் நேர்வெயில் விழ வேண்டும். அடுக்குமாடிகளுக்கு வடக்கே ஒட்டிய இடம் மார்கழியில் நாள் முழுவதும் நிழலில் கிடக்கும், அது வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற இடமும் வேண்டாம். அந்தத் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருக்கும். அது ஏறிய பாத்தியின் கீரையை அப்படியே பிடுங்கி எறிய வேண்டிவரும். பழைய குப்பைமேடு, பேட்டரிக் கடை, முலாம் பூசும் பட்டறை இருந்த இடங்களைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு நின்றது. ஆனால் அதுவரை சாலையோர மண்ணில் படிந்த ஈயம் கரைந்து போகவில்லை. எனவே முதன்மைச் சாலையிலிருந்து 30 அடியாவது உள்ளே தள்ளி இருக்கட்டும். சாலைப் பக்கம் கறிவேப்பிலையை வேலியாக வைக்க ஆசை வரும். அங்கே வைக்க வேண்டியது ஆடாதொடையும் நொச்சியும்தான். இலையாக உண்பவற்றில்தான் தூசியும் ஈயமும் அதிகம் சேரும். கறிவேப்பிலையும் கீரையும் உட்பக்கம் இருக்கட்டும்.

பிறகு மண். ஓ.எஸ்.ஆர். துண்டுகளில் பெரும்பாலும் ஓர் அடிக்குக் கீழே கட்டட இடிபாடுதான் கிடக்கும்: சிமென்ட் கட்டி, சுண்ணாம்புக் காரை, ஓட்டுத் துண்டு. ஒன்றரை அடி குழி தோண்டி எடுத்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மிகுதி. அந்த மண்ணில் வளரும் செடிக்கு இரும்புச்சத்து எட்டாது. நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் புது இலைகள் வரும். எவ்வளவு சாணம் போட்டாலும் அது மாறாது. அந்த இடத்தைக் கொத்திக் கிளறவே வேண்டாம். இடிபாட்டை மட்டம் செய்து, அதன்மேல் ஓர் அடி உயரத்துக்குப் புது மண்ணில் பாத்தி எழுப்புவதுதான் வழி. கீழே கிடக்கும் உடைசல் மழைக்காலத்தில் வடிகாலாகவும் உதவும். எல்லா இடத்திலும் மண்ணை ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கார அமிலத் தன்மை, உப்பு, ஈயம், காட்மியம் நான்கையும் பார்த்துவிடுங்கள். அந்த அறிக்கையைத் தோட்டத்து வாசலில் ஒட்டுங்கள். கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

ஒரு பாத்திக்கு 80 கன அடி கலவை வேண்டும்: பாதி செம்மண், கால் பங்கு மக்கிய உரம், கால் பங்கு தென்னைநார்க் கழிவு. ஆக 20 பாத்திக்கு 800 கன அடி, அதாவது 8 யூனிட் செம்மண். உரம் 400 கன அடி. தென்னைநார்க் கழிவை அழுத்திச் செய்த 5 கிலோ கோகோபீட் கட்டிகள் சுமார் 160. ஒரு கட்டி 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்து உப்பும். கொள்முதல் ஆணையில் ‘கழுவியது’ என்று எழுத மறக்காதீர்கள். கழுவாத கட்டியில் உப்பு இருக்கும். நாற்று நட்ட பத்தாம் நாள் இலைநுனி கருகத் தொடங்கும், எல்லோரும் பூச்சி என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டிருப்பார்கள். செம்மண் என்ற பெயரில் வரும் லாரிகளில் சுடுமண் தூளும் சவுடும் கலந்திருப்பது உண்டு. கைப்பிடி மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீருடன் குலுக்கி ஓரிரவு வைத்தால் மணல், வண்டல், களி என்று அடுக்கடுக்காகப் பிரிந்து தெரியும். அதைப் பார்த்த பிறகு லாரியை இறக்கச் சொல்லலாம்.

உரத்துக்கு வருகிறோம். இந்த நகரம் தன் தோட்டங்களுக்குத் தானே உரமிட முடியும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. வார்டுகளில் ஈரக்குப்பையை மக்கவைக்கும் நுண் உர மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கச் சொன்னதும், நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களைத் தனியே வகைப்படுத்தியதும் இதற்குத்தான். ஒரு தோட்டம் ஒவ்வொரு பயிருக்கும் முன்னால் பாத்தியின் மேல் ஓர் அங்குல உரம் கேட்கும். ஆண்டுக்கு மூன்று போகம் என்றால் 400 கன அடி, ஏறக்குறைய 6 டன். ஈரக்கழிவு மக்கி முடிக்கும்போது எடையில் நான்கில் ஒரு பங்காகும் என்று கொண்டால், ஆண்டுக்கு 24 டன், நாளுக்கு 65 கிலோ சமையலறைக் கழிவு. எழுபது எண்பது வீடுகளின் ஈரக்குப்பை பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போகாமல் அதே தெருவில் முடிந்துபோகும்.

ஆனால் எந்த உரம்? உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985, நகர மக்கிய உரத்துக்கு அளவுகளை வகுத்திருக்கிறது: கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 20க்குக் கீழே, கார அமிலத் தன்மை 6.5 முதல் 7.5, ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மிகாமல், காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மிகாமல். தோட்டங்களுக்குப் போகும் ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தச் சோதனை அறிக்கை வேண்டும். இடைப்பட்ட நாட்களில் கைச்சோதனை போதும். ஈர உரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறக்கும்போது மழை மண் வாசம் வந்தால் சரி. புளித்த நெடியோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் மக்கவில்லை. அடுத்து, அந்த உரத்தில் பத்து வெந்தயம் விதையுங்கள். ஐந்து நாளில் எட்டு விதையாவது முளைக்காவிட்டால் பாத்திக்குப் போகக் கூடாது. முற்றாத உரம் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். செடி வெளிறி நிற்கும், மக்கள் யூரியா வாங்கப் போவார்கள்.

மையங்களில் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஈரக்கழிவு நிறைய வரும், காய்ந்த இலை வராது. ஒரு வாளி ஈரக்கழிவுக்கு இரண்டு வாளி உலர்ந்த இலை சேராவிட்டால் குவியல் சொதசொதவென்று ஆகிக் காற்றில்லாமல் அழுகும், நாற்றமும் ஈயும் பெருகும், அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள், மையம் மூடப்படும். மாசி, பங்குனியில் வேம்பும் தூங்குமூஞ்சியும் உதிர்க்கும் சருகைப் பூங்காப் பணியாளர்கள் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். அதைக் குப்பை லாரியில் ஏற்றாமல் வார்டு மையத்தில் அடுக்கி வையுங்கள், ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். பூங்காச் சருகு மட்டும்தான். சாலை கூட்டிய சருகில் டயர் தூசியும் ஆணியும் கண்ணாடியும் இருக்கும். ஓட்டல் சாப்பாட்டு மிச்சத்தையும் இந்த உரத்தில் சேர்க்க வேண்டாம். உப்பும் எண்ணெயும் ஏறிய உரம் கோடையில் செடியை எரித்துவிடும். ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் தெருவில் குவியும் வாழைக்கன்று, பூசணி, கரும்புச் சோகை மூன்றும் அருமையான சரக்கு. வாழைத்தண்டை அரையடித் துண்டுகளாக நறுக்கிப் போட்டால் போதும்.

இனித் தண்ணீர். கோடை உச்சத்தில் காய்கறிப் பாத்தி சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் வரை குடிக்கும். 20 பாத்திக்கு 900 லிட்டர். மண்ணின் மேல் இரண்டு அங்குலச் சருகு மூடாக்கும் நிழல்வலையும் போட்டால் 600 லிட்டரில் சமாளிக்கலாம். 2,000 லிட்டர் தொட்டி இரண்டு வைத்தால் நடுவில் நான்கைந்து நாள் தண்ணீர் வராவிட்டாலும் பயிர் பிழைக்கும். மழைநீரைச் சேமித்து மே மாதத்தை ஓட்டலாம் என்று திட்டக் குறிப்புகளில் எழுதுவது வழக்கம். 2003இலிருந்து மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. அதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் சென்னை மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு மட்டும் 36,000 லிட்டர் தேக்க வேண்டும். 16 அடி நீளம், 16 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரு தொட்டி. ஒன்றரை கிரவுண்ட் இடத்தில் அதற்கு வாய்ப்பில்லை. மழைநீரை உறைகிணறு வெட்டி நிலத்துக்கு அனுப்புங்கள். கோடைத் தேவைக்கு ஒரு குழாய் இணைப்பு கொடுங்கள். அந்த இணைப்பு வணிகக் கட்டணத்தில் சேர்க்கப்படக் கூடாது. 2019 கோடையைப் போல் ஏரிகள் வறண்டால் குடிநீருக்குத்தான் முதலிடம், தோட்டத்தை மூன்று மாதம் மூடாக்குப் போட்டுத் தரிசாக விட்டுவிடலாம். அதையும் அனுமதிக் கடிதத்தில் எழுதிவையுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பக்கத்துச் சமுதாயக் கூடத்திலோ வங்கியிலோ ஓடும் ஏ.சி. இயந்திரங்களின் தண்ணீரைக் குழாய் போட்டுச் சேர்க்கலாம். உப்பில்லாத தண்ணீர் அது. ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இரட்டிப்பாக இருக்கும்.

ஆழ்துளைக் கிணறு போடுவதானால் முதலில் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பாருங்கள். 600க்குள் இருந்தால் எதையும் பயிரிடலாம். 600 தாண்டினால் பீன்ஸ் வகைகள் முதலில் முரண்டு பிடிக்கும், கத்திரியும் மிளகாயும் விளைச்சல் குறையும். 1,500க்கு மேல் போய்விட்டால் கொத்தவரை, பாலக், பீட்ரூட் போன்ற உப்புத் தாங்கிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடற்கரையை ஒட்டிய வார்டுகளில் இது முக்கியம். உப்புத் தண்ணீர் விடும் பாத்திகளில் மேல்மண் வெள்ளை பூக்கும். மாதம் ஒருமுறை வழக்கத்தைப் போல் மூன்று மடங்கு தண்ணீர் விட்டுக் கீழே கழுவி இறக்கினால் மழைக்காலம் வரை தாக்குப்பிடிக்கும்.

சொட்டுநீர் அமைப்பில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். வயலுக்கு வாங்குவது போலவே அழுத்தம் சீராக்கும் சொட்டுவான்களை வாங்கிவிடுகிறார்கள். 6 அடி உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அவற்றைத் திறக்கும் அழுத்தம் கிடையாது. பாதி பாத்திக்குச் சொட்டே வராது. சாதாரண 16 மி.மீ. இன்லைன் குழாய், ஓர் அடிக்கு ஒரு துளை, பாத்திக்கு மூன்று வரிசை, மொத்தம் 1,200 அடி. பாத்தி 20 அடிதான் நீளம் என்பதால் தொட்டி உயரமே போதும், மோட்டார் வேண்டாம். ஐந்தைந்து பாத்திக்கு ஒரு வால்வு வைத்து, முறைக்கு முக்கால் மணி நேரம் திறந்தால் அன்றைய தேவை தீரும். தொட்டியின் வாயில் ஒரு டிஸ்க் ஃபில்டர். வாரம் ஒருமுறை குழாய்களின் கடைமூடியைத் திறந்து அழுக்கை வெளியே ஓடவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மூன்றாம் மாதம் துளைகள் அடைத்துக்கொள்ளும். விதைத்த கீரைக்கு முதல் பத்து நாள் பூவாளிதான் சரி.

தொட்டிக்கு இறுக்கமான மூடியும், நிரம்பி வழியும் குழாயில் கொசுவலையும் கட்டாயம். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. செடித் தொட்டிகளுக்கடியில் தட்டு வைக்கக் கூடாது. உங்கள் கொசு ஒழிப்புப் பணியாளர் வாரந்தோறும் வந்து பார்த்துக் கையெழுத்திடும் ஏடு தோட்டத்திலேயே இருக்கட்டும்.

எதை எப்போது விதைப்பது என்பதில் நகரத்துக்கென்று தனி விதி கிடையாது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது சென்னைக்கும் பொருந்தும். ஆடியில் விதைத்த கத்திரி, வெண்டை, அவரை ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். ஐப்பசியில் விதைத்தால் நாற்று அழுகும். தக்காளியை ஆவணியில் நாற்றுவிட்டுப் புரட்டாசியில் நடுங்கள், மார்கழியிலிருந்து மாசி வரை பறிக்கலாம். சித்திரையில் நட்டால் பூக்கும், பிஞ்சு பிடிக்காது; இரவிலும் சூடு குறையாததால் பூ உதிர்ந்துவிடும். கோடைக்குக் கொத்தவரை, காராமணி, வெண்டை, தண்டுக்கீரை இவை போதும். நிழல்வலை 35 விழுக்காடு நிழல் தருவதாக, 8 அடி உயரத்தில், பங்குனி முதல் ஆனி வரை மட்டும். 75 விழுக்காட்டு வலை நர்சரிக்கானது. அதன் கீழ் காய்கறிச்செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டு சாயும்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பு நல்ல திட்டம். பையும் கோகோபீட்டும் விதையும் உயிர் உரமும் ஒன்றாகக் கிடைப்பது புதியவர்களுக்குப் பெரிய உதவி. அது ஆடிக்கு முன் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். கோடை முகத்தில் கிடைக்கும் தொகுப்பு பெரும்பாலான வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடக்கும். வார்டுத் தோட்டமே தொகுப்பு வழங்கும் இடமாகவும் நாற்று கொடுக்கும் இடமாகவும் இருந்தால், வாங்கிப்போகிறவர் எப்படி நடுவது என்று பார்த்துவிட்டே போவார். மாடியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அங்கேயே எழுதிவைக்க வேண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடி பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. நனைந்த செம்மண் ஓர் அடி உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். மாடியில் செங்கல் கட்டி மண் நிரப்பக் கூடாது. கோகோபீட் மிகுந்த இலகு கலவை, பைகள், அவையும் உத்தரங்களுக்கும் சுவர்களுக்கும் நேர்மேலே, அரையடி உயரத் தாங்கியின் மீது.

பூச்சிகள் வரத்தான் செய்யும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் கண்டால் அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிட வேண்டும். அதற்கு மருந்தில்லை, வெள்ளை ஈ அடுத்த பாத்திக்கும் கொண்டுபோய்விடும். கத்திரியில் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி எடுத்து நசுக்கிவிட்டால் காய்ப்புழு குறையும். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு மில்லி காதி சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி. வெயிலில் அடித்தால் இலை எரியும். ஒரே பாத்தியில் கத்திரி, தக்காளி, வெண்டை என்று மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டாம் ஆண்டில் வேர்களில் முடிச்சு முடிச்சாக வரும், நூற்புழு. மூன்றுக்கும் நடுவே ஒரு போகம் துலுக்கச் சாமந்தி போட்டு, பாத்திக்கு 2 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவது நல்லது. விதைத்த கீரையை எறும்பு தூக்கிப்போகும். விதையோடு ரவையைக் கலந்து தூவினால் எறும்பு ரவையை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். பெருச்சாளிதான் சென்னையில் பெரிய தொல்லை. வேலியின் அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்துக் கட்டாவிட்டால் உரக்கூண்டுக்கடியில் வளை பறித்துக் குடியேறிவிடும். இது பிறகு சேர்க்க முடியாத வேலை; ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுத வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு பாத்தியில் 25 முதல் 30 நாளில் 7 முதல் 10 கிலோ கீரை. வெண்டை ஒரு போகத்தில் 10 கிலோ, கத்திரி ஐந்தாறு மாதத்தில் 20 கிலோ. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன். இது கோயம்பேட்டுக்கு மாற்று ஆகாது. அப்படிச் சொல்லி யாரும் இந்தத் திட்டத்தை உங்களிடம் விற்கவும் கூடாது. ஆனால் கீரை பறித்த சில மணி நேரத்தில் வாடுவது. அதைத் தெருவிலேயே பறித்துத் தெருவிலேயே சமைப்பதில் வரும் பயன் எடைக்கணக்கில் அடங்காது. 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனபோது, ஒரே வாசலை நம்பியிருக்கும் நகரத்தின் நிலையை எல்லோரும் பார்த்தோம்.

பாத்திகளை எப்படிப் பிரிப்பது என்பதில் எங்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. 14 பாத்திகள் குடும்பங்களுக்கு, இரண்டு குடும்பத்துக்கு ஒன்று வீதம். 6 பாத்திகள் பொதுவுக்கு. பகுதி சபைக் கூட்டத்தில் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும், மாடியில்லாத வாடகைக் குடியிருப்பினருக்கும் குடிசை மாற்றுக் குடியிருப்பினருக்கும் முன்னுரிமை. சிங்கப்பூரில் பூங்காக்களுக்குள் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்திகளை மூன்றாண்டுக்குக் கொடுக்கிறார்கள். அந்த மூன்றாண்டு முக்கியம். ஆறு மாத அனுமதியில் யாரும் மண்ணுக்குச் செலவழிக்க மாட்டார்கள். முருங்கையோ அகத்தியோ கறிவேப்பிலையோ வைக்க மாட்டார்கள். நிலம் வேறு தேவைக்கு வேண்டுமென்றால் ஆறு மாத முன்னறிவிப்பு கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பயிரிடாமல் விட்ட பாத்தி அடுத்தவருக்குப் போகும் என்ற விதியும் வேண்டும்.

பொதுப் பாத்திகளின் கீரையும் கறிவேப்பிலையும் முதலில் அந்த வார்டின் அம்மா உணவகத்துக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் போகட்டும். வாரத்தில் ஒருநாள் ஒரு பள்ளிக்குக் கீரைக்கூட்டு என்ற அளவில் தொடங்கலாம். மிச்சத்தைத் தோட்ட வாசலில் மலிவாகக் கூவி விற்க வேண்டாம். தெருவில் கூடை சுமந்து வரும் கீரைக்கார அம்மாக்களுக்கு இந்தத் தோட்டம் போட்டியாகிவிடக் கூடாது. அவர்களுக்கே மொத்த விலையில் கொடுங்கள். விடியுமுன் எழுந்து சந்தைக்குப் போய்வரும் ஆட்டோச் செலவு அவர்களுக்கு மிச்சமாகும், ஓரமாக உட்கார்ந்து விற்க நிழலும் கிடைக்கும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைத்தது. வார்டுத் தோட்டம் அந்தத் தூரத்தில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவர்களை வெளியே தள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டக்காரரின் சம்பளத்தை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். தன்னார்வலர்கள் சனி ஞாயிறு வருவார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கும் பரீட்சை விடுமுறைக்கும் ஊருக்குப் போவார்கள். வால்வைத் தினமும் காலை 6 மணிக்குத் திறக்க ஒருவர் வேண்டும். வார்டிலிருந்தே பெண்களைத் தேர்ந்து, நாளுக்கு நான்கு மணி நேரம், ஒழுங்கான சம்பளத்துடன். தொடக்கத்தில் வாசல் வளைவும் பெயர்ப்பலகையும் குறைந்தால் ஒன்றும் ஆகாது.

ஒரே ஆண்டில் 200 வார்டிலும் தொடங்கச் சொல்லவில்லை. மண்டலத்துக்கு ஒன்று முதலில். இந்த வரிசையில் நடந்தால் வரும் ஆடிக்கே விதைக்கலாம்: பங்குனிக்குள் ஓ.எஸ்.ஆர். துண்டுகளின் பட்டியலை அளவுடன் வெளியிடுங்கள். சித்திரையில் மண், தண்ணீர்ச் சோதனை. வைகாசியில் குழாய் இணைப்பு, புதைவலை, தொட்டி. ஆனியில் மண் நிரப்பிப் பாத்தி போட்டு ஒரு மாதம் தண்ணீர் விட்டு ஆறவிடுதல். குழாயில் தண்ணீர் வராத இடத்தில் மண் கொட்ட வேண்டாம்.

நாட்டு விதைகளும் நாற்றுவிடும் பயிற்சியும் சனிக்கிழமைகளில் பாத்தியோரம் நின்று சொல்லிக்கொடுக்க ஆட்களும் எங்களிடம் இருக்கிறார்கள். இதற்குக் கட்டணம் கேட்க மாட்டோம். ஓ.எஸ்.ஆர். பட்டியல் வெளிவந்தால் எங்கள் வார்டுகளில் இருக்கும் துண்டுகளின் வெயில் நேரத்தையும் வெள்ளம் நின்ற அளவையும் நாங்களே நடந்து பார்த்துக் குறித்துத் தருகிறோம். பட்டியலை எப்போது வெளியிடுவீர்கள் என்ற தேதியைத்தான் முதலில் கேட்கிறோம்.

இப்படிக்கு,
சென்னையின் மாடித்தோட்டக்காரர்களும் குடியிருப்போர் நலச் சங்கத்தினரும் சிலர்